பலிபீடத்தின் முன் நினைவுக்கு வரும் சகோதரன்



இறைவன் இரக்கமுள்ளவர் என்பது நமது விசுவாசத்தின் அடித்தளம். ஊதாரி மைந்தன் உவமையில் (லூக்கா 15:11-32) மகன் தொலைவில் வரும்போதே தந்தை அவனைக் கண்டு, ஓடிச்சென்று கட்டித் தழுவுகின்றார். வழிநெடுக மகன் மனதில் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பு வார்த்தைகளை முழுவதும் சொல்லி முடிப்பதற்கு முன்னரே ஆடையும் மோதிரமும் மிதியடியும் கொண்டுவரும்படி கட்டளை பிறக்கின்றது. இந்த இரக்கத்தை எவரும் உழைத்துச் சம்பாதிக்க முடியாது. கொடுத்து வாங்கவும் முடியாது. அது தந்தையின் இதயத்திலிருந்து இலவசமாகப் பிறக்கின்றது.

ஆனால் இந்த உயர்ந்த உண்மையை நாம் சில வேளைகளில் நமக்கு வசதியானதொரு உண்மையாக மாற்றிக்கொள்கின்றோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவங்களை அறிக்கையிட்டு, குருவானவர் சொன்ன செபங்களைச் செபித்து எழுந்தவுடன் கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணுகின்றோம். கடவுள் மன்னித்துவிட்டார் என்பதில் ஐயமில்லை. நம்மால் காயப்பட்ட மனிதரின் நிலை என்ன? அவருடைய இழப்பு அப்படியே இருக்கும்போது நம்முடைய மனமாற்றம் நிறைவானதாகுமா? தவக்காலம் தோறும் திருச்சபை நம்மிடம் எழுப்பும் இக்கேள்வியை, நம் தீவகத்தின் எல்லையிலுள்ள ஒரு திருத்தலத்தை முன்னிறுத்திச் சிந்திப்பது நமக்குப் பயன் தரும்.

கச்சதீவின் தவக்காலம்

நெடுந்தீவுக்கு அப்பால், பாக்குநீரிணையின் நடுவே, ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்பளவில் கிடக்கும் ஆளற்ற நிலம் கச்சதீவு. அங்கே குடிதண்ணீர் கிடையாது. நிரந்தரக் குடிகளும் இல்லை. அங்கே மனிதரை அழைத்துக்கொண்டிருப்பது புனித அந்தோனியாரின் ஆலயம் மட்டுமே. இராமநாதபுரக் கரையைச் சேர்ந்த ஒருவர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆலயம் எழுப்பினார் என்பது இரு கரைகளிலும் வழங்கிவரும் மரபு. 1974 ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தீவு இலங்கைக்குரியதாயிற்று. ஆயினும் இந்திய யாத்திரிகர்கள் பயண அனுமதிப்பத்திரம் இன்றி அங்கு வந்துபோகும் வழக்கம் அவ்வுடன்படிக்கையிலேயே காக்கப்பட்டது.

ஆண்டுதோறும் மாசி, பங்குனி நாட்களில், பெரும்பாலும் தவக்காலத்திலேயே, அங்கு திருவிழா நடைபெறுகின்றது. குறிகட்டுவானிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் நம்மவர்கள் புறப்படுகின்றார்கள். மறுகரையில் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயப் பங்கின் ஒழுங்கமைப்பில் இராமேஸ்வரத்து மக்கள் படகேறுகின்றார்கள். முதல்நாள் மாலையில் கொடியேற்றம், சிலுவைப்பாதை, திருச்சொரூப பவனி. மறுநாள் காலையில் திருவிழாத் திருப்பலி. பின்னர் அவரவர் கரைக்குத் திரும்புதல். போர்க்காலத்தில் நீண்ட காலம் தடைப்பட்டிருந்த இவ்விழா, போர் முடிந்த பின்னர் 2010 ஆம் ஆண்டு முதல் மீண்டும் பெருந்திரளான மக்களுடன் நடைபெறலாயிற்று. திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்த இரக்கத்தின் சிறப்பு யூபிலி ஆண்டு 2016 நவம்பர் 20 ஆம் நாள் நிறைவுற்றது. அதற்கு ஒரு மாதத்தின் பின், டிசெம்பர் 23 ஆம் நாள், கச்சதீவின் புதிய ஆலயத்தை யாழ். ஆயர் மேதகு ஜஸ்ரின் பேர்ணாட் ஞானப்பிரகாசம் ஆண்டகை அர்ச்சித்துத் திறந்துவைத்தார்.

இரு கரை மக்களுக்கும் ஒரே மொழி, ஒரே செபமாலை, ஒரே புனிதர். ஆனால் அங்கே அடுத்தடுத்து முழந்தாளிடும் இவர்களுக்கிடையில் ஆழமான காயம் ஒன்றும் இருக்கின்றது என்பதை நாம் அறிவோம்.

தமிழ்நாட்டின் இழுவைப்படகுகள் கடலின் அடித்தளத்தை வாரிச்செல்லும் மடிகளுடன் நம் கடலுக்குள் வருகின்றன. அவை கடலுக்கு இறங்கும் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் சிறுதொழில் செய்யும் நம் மீனவர் வலை விரிக்க அஞ்சுகின்றனர். கடன்பட்டு வாங்கிய வலை ஓர் இரவில் அறுந்து போனால், அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் பிள்ளையின் படிப்பும் அதனோடு அறுந்துபோகின்றன. மீன் பெருகும் கடற்படுக்கையே சிதைக்கப்படுவதால், நாளை பிறக்கவிருக்கும் பிள்ளைகளின் சோறும் இன்றே வாரப்பட்டுவிடுகின்றது. 2022 சனவரியில் வடமராட்சி கிழக்கின் மீனவர் இருவர் கடலில் உயிரிழந்தபோது, வடக்கின் கரைகளெங்கும் மக்கள் வீதியில் இறங்கினார்கள்.

மறுகரையிலும் அழுகுரல் உண்டு. 2017 மார்ச் 6 ஆம் நாள் 22 வயதுடைய தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். கடற்படை தான் சுடவில்லை என்று மறுத்தது. ஆனால் சில நாட்களில் வந்த கச்சதீவுத் திருவிழாவுக்கு அக்கரை யாத்திரிகர்கள் வரவில்லை. தங்கள் மீனவர்கள் சிறையிலடைக்கப்பட்டதை முன்னிட்டு 2024 ஆம் ஆண்டிலும் அவர்கள் வராதிருந்தார்கள். 2025 மார்ச்சில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் மீண்டும் வந்தார்கள்.

ஆக, கச்சதீவுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு மனக்குறையைச் சுமந்துகொண்டே கரையிறங்குகின்றார். நம்மவர் அறுந்த வலையை நினைக்கின்றார். அவர் சிறையிலிருக்கும் மகனை நினைக்கின்றார்.

நம் குறையா, அவர் குறையா?

இங்கேதான் ஆண்டவர் இயேசுவின் மலைப்பொழிவு நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. பலிபீடத்தின் முன் காணிக்கை செலுத்த வரும் ஒருவருக்கு, தம் சகோதரனுக்குத் தம்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு என்பது நினைவுக்கு வந்தால், அவர் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொண்டு, பின்னர் வந்து செலுத்த வேண்டும் என்கிறார் ஆண்டவர் (மத்தேயு 5:23-24).

இப்பகுதியை நாம் பலமுறை வாசித்திருக்கின்றோம். ஆனால் பெரும்பாலும் தலைகீழாகவே விளங்கிக்கொள்கின்றோம். எனக்கு யார்மேல் கோபம் இருக்கின்றது என்று தேடிப்பார்த்து, அவரை மன்னித்துவிட முயல்கின்றோம். அதுவும் நல்லதே, வேறிடங்களில் ஆண்டவர் அதையும் கேட்கின்றார். இங்கே அவர் கேட்பது வேறொன்று. யாருக்கு என்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைத்துப் பார்க்கச் சொல்கின்றார். என் குறைகளை நினைவில் வைத்திருக்க எனக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிறர் என்னால் அடைந்த குறையை நினைவில் வைத்திருப்பதற்கே இறையருள் தேவைப்படுகின்றது. மனமாற்றம் என்பது இந்த நினைவிலிருந்துதான் தொடங்குகின்றது.

அன்று மறைக்கல்வி வகுப்பில் நம் பாட்டன் பாட்டிமார் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று மனப்பாடமாகக் கற்றார்கள்: பாவங்களை நினைவுகூர்தல், மனத்துயர் கொள்ளுதல், இனிச் செய்வதில்லை என்று உறுதிபூணுதல், குருவிடம் அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். இவற்றுள் ஐந்தாவதை நாம் மூன்று அருள்நிறைந்த மந்திரங்களாகச் சுருக்கிவிட்டோம். திருச்சபையின் மறைக்கல்வி ஏடு அவ்வாறு சுருக்கவில்லை. பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகின்றது. ஆயினும் பாவம் விளைவித்த சேதங்கள் அதனால் மட்டும் சீராகிவிடுவதில்லை. எனவே திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும், கெடுத்த பெயரை மீட்டுக் கொடுக்கவும், இழப்புக்கு ஈடுசெய்யவும் இயன்றதெல்லாம் செய்ய வேண்டும் என்று அது போதிக்கின்றது (எண் 1459). இறை இரக்கத்தைக் குறித்துத் தனிச் சுற்றுமடலே எழுதிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும், மன்னிப்பு நீதியின் கோரிக்கைகளை இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை என்று 1980 ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தினார்.

அவ்வாறாயின் இரக்கம் பேரமாகிவிடாதா? ஈடுகொடுத்தால்தான் மன்னிப்பு என்றால் அதில் இரக்கம் எங்கே? இக்கேள்விக்குச் சக்கேயுவின் வீடு பதில் சொல்கின்றது (லூக்கா 19:1-10). காட்டத்தி மரத்தில் ஏறியிருந்தவன் எதையும் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னரே, எதையும் வாக்களிப்பதற்கு முன்னரே, இயேசு அவன் வீட்டில் தங்க விரும்புவதாகச் சொன்னார். ஊர் முணுமுணுத்தது. சக்கேயுவோ எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்றும், எவரையும் ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்கு என்றும் அறிவித்தான். இரக்கம் முதலில் வந்தது. ஈடு அதன் கனியாகப் பின்னர் வந்தது. ஏமாற்றப்பட்டவர்களின் நினைவு அவனுக்கு வந்ததே, இரக்கம் அவன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

அந்தோனியாரின் கடைசித் தவக்காலம்

கச்சதீவின் பாதுகாவலருடைய வாழ்விலும் இதே உண்மையைக் காண்கின்றோம். 1231 ஆம் ஆண்டின் தவக்காலத்தில் புனித அந்தோனியார் பதுவை நகரில் நாள்தோறும் மறையுரையாற்றினார். ஆலயங்கள் கொள்ளாத கூட்டம் திறந்தவெளிகளில் திரண்டது. பகைவர்கள் சமாதானமானார்கள். வட்டித்தொழிலால் ஏழைகளை உறிஞ்சியவர்கள் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடனை அடைக்க இயலாமல் தன்னிடமுள்ளதையெல்லாம் ஒப்படைத்துவிட்ட ஒருவனைச் சிறையில் வைத்திருக்கலாகாது என்று அந்நகரம் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சட்டமே இயற்றியது. அதற்குத் தூண்டுகோலாயிருந்தவர் அந்தோனியார். அதுவே அவருடைய கடைசித் தவக்காலம். அவ்வாண்டு யூன் 13 ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று நாம் அந்தோனியாரை மன்றாடுகின்றோம். பதுவையில் அவர் அதிலும் பெரிய புதுமை செய்தார். பொருளை இழந்தவரிடம், அதை எடுத்தவரே கொண்டுபோய்க் கொடுக்கும்படி செய்தார். அறுந்த வலைகளின் கடல் நடுவே அவருக்கு ஆலயம் அமைந்திருப்பது நமக்குச் சொல்லும் செய்தி இதுவே.

இரக்கம் கால அவகாசமாகவும் வருகின்றது. கனிதராத அத்திமரத்துக்கு இன்னும் ஓராண்டு தரும்படி தோட்டக்காரர் வேண்டுகின்றார் (லூக்கா 13:6-9). 2010 ஆம் ஆண்டு சென்னையில் இரு கரை மீனவப் பிரதிநிதிகளும் கூடியபோது, இழுவைமடித் தொழிலை ஓராண்டுக்குள் கைவிடுவதென ஓர் இணக்கம் பிறந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2017 ஆம் ஆண்டில் 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை இந்தியா தொடங்கியது. எதிர்பார்த்ததில் மிகச் சிறு பகுதியே நிறைவேறியது. அவகாசம் தரப்படுவது மரம் கனிதர வேண்டும் என்பதற்காகவே. அவகாசத்தையே பழக்கமாக்கிக்கொள்பவர், இரக்கத்தை அவமதிப்பவராகின்றார்.

இதைச் சொல்லும்போது நீதியோடு பேசுவோம். இழுவைப்படகில் வருபவர்களுள் பலர் நாட்கூலிகள். இலாபம் வேறிடத்தில் சேர, சிறையும் சாவும் அவர்களுக்கே கிடைக்கின்றன. படகின் உரிமையாளர், மீனை வாங்கும் வணிகர், காலம் கடத்தும் அரசுகள் ஆகியோரின் பரிகாரமே முதலில் வரவேண்டியது. பெற்ற இலாபத்துக்கு ஏற்ப ஈடுசெய்யும் கடமையும் பெரிதாகின்றது.

நம் பக்கத்துக் கடன்கள்

இதுவரை வாசித்த நமக்கு உள்ளூர ஒரு திருப்தி உண்டாகியிருக்கலாம். குற்றம் அக்கரையில்தான் என்று. ஆண்டவரின் கேள்வி இப்போது நம்மிடம் திரும்புகின்றது. யாருக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டு?

1983 ஆம் ஆண்டு முதல் நம் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இதே கடலைக் கடந்தார்கள். இராமேஸ்வரத்துக் கரையே அவர்களுக்கு முதல் தஞ்சம். மணல்திட்டுகளில் தவித்து நின்றவர்களைத் தம் படகில் ஏற்றிச் சென்றவர்களும், சோறு போட்டவர்களும் அக்கரை மீனவர்களே. அந்த நன்மை அறுந்த வலைக்கு ஈடாகாது. வலையின் இழப்பு அந்த நன்மையை அழித்துவிடவும் முடியாது. நீதி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் நன்றியை மறந்து, ஒரு முழு மக்களையே கள்வர் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 ஆம் ஆண்டில் சட்டத்தால் தடைசெய்தது. அச்சட்டம் எல்லோருக்கும் பொதுவானது. வடக்கின் கரைகளிலிருந்தும் இழுவைமடிக்குப் போகும் படகுகள் இருந்திருக்கின்றன. தடைசெய்யப்பட்ட வலைகளும் வெடியும் நம் நடுவிலும் புழங்கியுள்ளன. சுத்தபோசன நாளில் இறைச்சியை விலக்கி மீனுண்ணும் நாம், அந்த மீன் எவ்வாறு பிடிக்கப்பட்டது என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? அநீதியின் தளைகளை அவிழ்ப்பதே இறைவன் விரும்பும் நோன்பு என எசாயா முழங்குகின்றாரே (எசாயா 58:6-7)!

தீவக மக்களிடம் மன்னிப்பைப் பற்றி எவரும் மலிவாகப் பேசிவிட முடியாது. 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு கடலில் வழிமறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2006 ஓகஸ்ட் 13 ஆம் நாள் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் எறிகணைகள் வீழ்ந்தன. ஒரு வாரத்தில் அப்பங்கின் தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளாரும் அவரோடு சென்ற ஒருவரும் காணாமற்போயினர். உண்மையும் நீதியும் இன்றி ஒப்புரவு இல்லை என்று நாம் சொல்கின்றோம். அது சரியானது, திருச்சபையின் போதனையும் அதுவே. 2015 சனவரி 14 ஆம் நாள் மருதமடு அன்னையின் திருத்தலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், தாம் செய்யக்கூடிய தீமையையும் தாம் உடந்தையாயிருந்த தீமையையும் சிலுவையின் ஒளியில் உணர்பவருக்கே உண்மையான மனத்துயர் பிறக்கும் என்று எடுத்துரைத்தார். நம்மைக் காயப்படுத்தியவர்களிடம் நாம் எதிர்பார்க்கும் அந்த உண்மையையும் பரிகாரத்தையும், நம்மால் காயப்பட்டவர்கள் நம்மிடம் எதிர்பார்க்க மாட்டார்களா? எந்த அளவையால் அளக்கின்றோமோ அதே அளவையால் நமக்கும் அளக்கப்படும் என்றார் ஆண்டவர்.

இல்லங்களில் தொடங்குவோம்

அன்புக்குரிய பெற்றோரே, பிள்ளைகளே, இந்த மனமாற்றத்துக்குக் கச்சதீவு வரை போக வேண்டியதில்லை. நம் வேலிக்கு அப்பாலே அது காத்திருக்கின்றது. வெளிநாட்டிலிருக்கும் சகோதரனின் காணியை நம்முடையதாக்கிக்கொண்டு, அவன் தொலைபேசி அழைப்பைத் தவிர்த்து வருகின்றோமா? சகோதரிக்குப் பெற்றோர் எழுதிவைத்த பங்கை இன்னும் கொடுக்காதிருக்கின்றோமா? கட்டிய சீட்டின் காசு கிடைக்காமல் ஒரு கைம்பெண் நம் வாசலுக்கு எத்தனை தடவை வந்து திரும்பினாள்? ஒரு பெண்பிள்ளையைப் பற்றி நாம் சொன்ன ஒரு சொல் அவளுடைய திருமணத்தைக் குழப்பியதா? சாதியின் பெயரால் எவரையேனும் முற்றத்திலேயே நிறுத்தினோமா? கோபத்தில் பிள்ளையை அவமானப்படுத்திவிட்டு, பெற்றோர் என்ற காரணத்தால் மன்னிப்புக் கேளாமல் விட்டோமா?

ஒப்புரவு அருட்சாதனத்துக்குத் தயாரிக்கும்போது, பாவங்களின் பட்டியலோடு ஒரு பெயரையும் நினைவில் கொள்வோம். நம்மேல் நியாயமான மனத்தாங்கல் உள்ள ஒருவரின் பெயர் அது. குடும்ப செபத்தில் அவருக்காக மன்றாடுவோம். பின்னர், திருப்பிக் கொடுக்கக் கூடியதைத் திருப்பிக் கொடுப்போம். முழுவதும் இயலாவிட்டால் ஒரு பகுதியையேனும் கொடுத்து, எஞ்சியதற்குத் தவணை கேட்போம். பரப்பிய பொய்யை, அதைக் கேட்டவர்களிடமே சென்று திருத்துவோம். உரியவர் இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகளுக்கோ ஏழைகளுக்கோ அதைச் சேர்ப்போம். அவர் நம்மை ஏற்காமல் கதவை மூடினாலும் மனம் தளர வேண்டாம். மன்னிக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த நமக்கு உரிமையில்லை. நாம் பட்ட கடனைச் செலுத்தும் கடமை மட்டுமே நம்முடையது.

இவ்வாறு செல்வது கடினம். வெட்கம் தடுக்கும், அயலவரின் சொல் தடுக்கும். தொலைவில் வரும்போதே ஓடிவந்து தழுவிய தந்தையின் கரங்களை உணர்ந்தவருக்கே இவ்வழியில் நடக்கத் துணிவு வரும். நாம் மன்னிக்கப்பட்டவர்கள், ஆதலால் நம் கடன்களை அஞ்சாமல் எண்ணிப் பார்க்கலாம். பாஸ்காத் திருவிழிப்பில் புதிய ஒளியை ஏந்தி நிற்கும்போது, நம்மால் அறுந்த வலைகளுள் ஒன்றேனும் மீண்டும் முடியப்பட்டிருக்கட்டும்.

இரக்கத்தின் ஆண்டவர் நம் குடும்பங்களையும், இரு கரைகளிலும் கடலை நம்பி வாழும் மக்களையும் ஆசீர்வதிப்பாராக. புனித அந்தோனியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.